லியோராவுக்கு மீதமுள்ள மணி

1

இந்தக் கதைக்கு வித்து ஒரு கடிதம். மார்ட்டன்தால் லுத்தரன் சபையின் நூற்றைம்பதாவது ஆண்டு மலர்க் குழுக் கூட்டத்தில், காப்பிக்குத் தண்ணீர் கொதிக்கும் சத்தத்துக்கு நடுவே, வெர்னா மிக்கான் அதை வாசித்தாள். நானும் அங்கே இருந்தேன். இந்தச் சபைக்கு நான் வந்து இருபத்தாறு வருடமாகிறது. இருந்தும் குழுவில் எனக்குக் கொடுத்திருக்கும் பொறுப்பு நாற்காலி விரிப்பதுதான். கடிதம் இவ்வளவே:

“உங்கள் நூறாவது ஆண்டு மலரில் நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. நான் 1954-இல் சாகவில்லை. அடுத்த மலரில் தயவுசெய்து திருத்தவும். இப்படிக்கு, லியோரா ஹீலி, பிறந்த வீட்டுப் பெயர் ஹென்ச்கே, வயது 90.”

யாரும் சிரிக்கவில்லை. ஒருவராவது சிரித்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். எல்லோரும் குழுத் தலைவர் காலின் ஹென்ச்கேயின் முகத்தைப் பார்த்தார்கள். காலின் சர்க்கரை டப்பாவைப் பார்த்தான்.

2

தொடக்கம் என்று முதலில் எழுதியது:

*1872-ஆம் ஆண்டு, பதினொரு குடும்பங்கள், ஒரு போதகர், நாற்பது ஆடுகள், மாட்டுவண்டிகளில் இந்தச் செம்மண் சமவெளியில் வந்து—*

அடித்துவிட்டேன். எல்லாச் சபை வரலாறும் மாட்டுவண்டியில்தான் வருகிறது. வண்டி வந்து சேர்வதற்குள் வாசகர் தூங்கிப் போகிறார்.

அடுத்தது:

*வெர்னா மிக்கான் கட்டுக்குலையாத, கம்பீரமான—*

வெர்னா இதைப் படிப்பாள். முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி வழியாகவே பிள்ளைகளை அடக்கியவள். “எருமைன்னு எழுத வெக்கமா இருந்துச்சாக்கும்?” என்று கேட்பாள். அதையும் விட்டேன்.

மூன்றாவது தொடக்கம் தூக்கத்தில் வந்தது. ஜனவரி மத்தியானம், எங்கள் பக்கத்தில் கோடை உச்சம், நாற்பத்துமூன்று டிகிரி. திரையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தேன். வெளியே கோதுமை சேமிக்கும் சைலோ கோபுரங்கள் தரையை விட்டு ஒரு சாண் உயரத்தில் மிதந்துகொண்டிருந்தன. (மிகைப்படுத்தவில்லை. அறுப்பு முடிந்த நிலத்தில் வெயில் அடித்தால் அப்படித்தான் தெரியும்.) கனவில் கோவில் மணி அடித்தது. நான் எண்ணத் தொடங்கினேன். இந்த ஊரில் நாங்கள் தூக்கத்திலும் எண்ணுவோம்.

எதற்கு எண்ணுவது என்று சொல்ல வேண்டும். சபையில் ஒருவர் இறந்தால், செய்தி வந்ததும் மணி அடிப்பார்கள். இறந்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி. ஒவ்வோர் அடிக்கும் நடுவில் ஒரு நீண்ட மூச்சு இடைவெளி. ஊரே கையிலிருப்பதை வைத்துவிட்டு நிற்கும். எழுபத்தொன்பதில் நின்றால் இன்னார், எண்பத்துமூன்றில் நின்றால் அவரா அவர் தம்பியா என்று ஒரு நிமிடம் குழப்பம். அதற்குள் யாராவது துக்க வீட்டுக்கென்று அடுப்பில் கேக் ஏற்றியிருப்பார்கள்.

அந்த மணியை இப்போது அடிப்பவள் வெர்னா. அவளுக்கு முன்னால் அவள் அப்பா ரைன்ஹோல்ட், பட்டறைக்காரர், கலப்பையும் அறுவடை இயந்திரமும் பழுது பார்த்தவர். அவர் போன பிறகு கயிற்றைப் பிடிக்க யாரும் முன்வரவில்லை. “சரி, கொடுங்க” என்று வெர்னா வாங்கிக்கொண்டாள்.

அடிப்பவருக்கு ஒரு விதி உண்டு. கயிற்றைத் தொடும் முன் இறந்தவர் வீட்டுக்குப் போய், தொப்பியைக் கழற்றி, முகத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும். பூர்வீகமான சைலீசியாவிலிருந்து முன்னோர் கப்பலில் கொண்டுவந்த வழக்கம் என்று நூறாவது ஆண்டு மலர் சொல்கிறது. அந்த மலர் லியோராவைச் சாகடித்ததும் உண்மைதான். ஒரு தவறுக்காக மொத்தப் புத்தகத்தையும் சந்தேகிக்கக் கூடாது என்று நான் அப்போது நினைத்தேன்.

3

1954 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. நடந்ததை நேராகச் சொல்கிறேன்.

லியோராவுக்கு இருபத்திரண்டு வயது. நகரத்தில் தையல் வேலை. முந்தைய சனிக்கிழமை ரயில் என்ஜினில் கரி அள்ளிப் போடும் டெஸ் ஹீலி என்பவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் கத்தோலிக்கன். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் வெட்டுக்கிளியை மன்னிப்பார்கள், வறட்சியை மன்னிப்பார்கள், அதை மன்னிக்க மாட்டார்கள். லியோரா புருஷனோடு ரயிலேறி வந்து, அப்பாவிடம் நேரில் சொல்லிவிட்டு, தன் தையல் மெஷினை எடுத்துப் போகலாம் என்று நினைத்தாள்.

அப்பா காட்லீப் ஹென்ச்கே சபையின் மூத்த மூப்பர். வாசற்கதவை அவர் திறக்கவில்லை. அவள் சொன்னதைக் கம்பி வலைக் கதவுக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனார்.

“இருபத்திரண்டு அடி” என்றார் ரைன்ஹோல்டிடம்.

அவ்வளவுதான். யார், எப்படி, எங்கே என்று ரைன்ஹோல்ட் கேட்கவில்லை. காட்லீப் ஹென்ச்கேயிடம் யாரும் கேள்வி கேட்டதில்லை. துக்க வீட்டில் கேள்வி கேட்பது எங்கள் ஊர் வழக்கமும் இல்லை. ரைன்ஹோல்ட் கையைக் கழுவிக்கொண்டு போய் அடித்தார்.

ஊர் எண்ணியது. மத்தியானத்துக்குள் ஏழு தட்டு ஸ்ட்ராய்சல் கேக்* தயார். பக்கத்து வீட்டு ஆண்கள் நால்வர், யாரும் சொல்லாமலே, மண்வெட்டியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய் லியோராவின் அம்மாவுக்குப் பக்கத்தில் குழி தோண்டினார்கள். மாலையில் வெளியூர் ஆராதனை முடிந்து வந்த போதகர், “யாருக்கு?” என்று கேட்டார். ஹென்ச்கே வீட்டுக்குள் போனார். வெளியே வந்தார். உடல் ஏதும் இல்லை என்று சொன்னார்.

குழியை மூடினார்கள். தோண்டியதைவிட மூட அதிக நேரம் ஆனதாம்.

(* வெண்ணெயும் மாவும் சர்க்கரையும் மேலே உதிர்த்துச் சுடுவது. துக்கத்துக்கும் இதுதான், கல்யாணத்துக்கும் இதுதான். அன்று செய்த ஏழு தட்டையும் ஊர் சாப்பிட்டு முடித்தது. எங்கள் ஊரில் கேக்கைக் குப்பையில் போட மாட்டார்கள்.)

அப்புறம் யாரும் பேசவில்லை. ரைன்ஹோல்டின் மணிக் குறிப்பேட்டில் தேதியும் “22” என்ற எண்ணும் மட்டும் இருந்தன. பதினெட்டு வருடம் கழித்து, புதிதாக வந்த ஒரு போதகர் நூறாவது ஆண்டு மலருக்காக அந்தக் குறிப்பேட்டையும் ஞானஸ்நானப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, லியோரா ஹென்ச்கே காலமானார் என்று எழுதினார். அச்சாகி வந்தபோது பிழை என்று தெரிந்தவர்கள் நூறு பேராவது இருந்தார்கள். யாரும் எழுந்து நின்று சொல்லவில்லை. எங்கள் கோவிலில் எழுந்து நிற்பது பாட்டுக்கு மட்டும்தான்.

அந்த 1954-இன் கடைசியில் வெர்னா பிறந்தாள்.

4

இங்கே கதை நின்றுவிட்டது. ரைன்ஹோல்டை எனக்கு எழுதத் தெரியவில்லை.

வெர்னாவுக்கு வேண்டியது ஒன்றுதான். அப்பா தெரிந்து அடித்தாரா, தெரியாமல் அடித்தாரா? லியோரா உயிரோடு வாசலில் நிற்கிறாள் என்று தெரிந்தும் அடித்திருந்தால், மலரில் அந்தப் பக்கத்தை எழுதும் வெர்னா அதைத் தன் கைப்பட எழுத வேண்டும். அவருடைய கயிற்றைத்தான் அவள் பத்தொன்பது வருடமாக இழுக்கிறாள். கடிதம் வந்த நாளிலிருந்து அவளுக்குச் சரியாகத் தூக்கமில்லை.

*வடிவம் ஒன்று: ரைன்ஹோல்டுக்கு ஒன்றும் தெரியாது. இருபத்திரண்டாவது அடியில் அவர் கண்ணில் நீர்—*

*வடிவம் இரண்டு: தெரியும். பட்டறைக்குக் கடன் கொடுத்திருந்த மூப்பரை எதிர்க்க முடியாமல்—* (கடனை நான் சேர்த்தேன். மனிதன் தப்பு செய்தால் காரணம் தேடும் கெட்ட பழக்கம் கதைக்காரர்களுக்கு உண்டு. எடுத்துவிட்டேன்.)

மூன்றாவது வடிவத்தை எழுதும்போது கண் சொக்கியது. ரைன்ஹோல்ட் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தோல் மேலங்கி, கரி வாசனை. தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“இதுல நான் அழுறேனே?”

“ஆமா.”

“எடுத்துரு. நான் அழுது இந்த ஊர்ல ஒருத்தனும் பார்த்ததில்ல.”

“எடுத்துர்றேன். தெரியுமா தெரியாதா, அத மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

“கதை எழுதுறது நீயா நானா?” என்று கேட்டுவிட்டு எழுந்தார். போகும்போது ஈ வலைக் கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். அந்தக் கதவு எனக்கு ஒருநாளும் அப்படிச் சாத்த வந்ததில்லை. விழித்தபோது அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது. காற்றாகவும் இருக்கலாம். மரக்கிளையில் காலா கிளிகள் வெயிலுக்கு வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தன.

5

காலினையும் நான் வில்லனாக்கப் பார்த்தேன். அவன் ஒத்துழைக்கவில்லை. காட்லீப்பின் பேரன், லியோராவின் அண்ணன் மகன், அறுபத்தாறு வயது, ஆட்டுப் பண்ணைக்காரன். கோவில் சமையலறையில் அவனும் வெர்னாவும் பேசியதை, கோப்பை துடைத்துக்கொண்டே கேட்டேன்.

“அந்தப் பக்கம் வேண்டாம் வெர்னா. ‘பிழை திருத்தம்’னு ஒரு வரி போடு, போதும்.”

“ஒரு வரியில எப்படிடா போடுறது? ‘மேற்படி நபர் சாகவில்லை, வருந்துகிறோம்’னா?”

“தாத்தா பேரு கோவில் ஜன்னல் கண்ணாடியில இருக்கு.”

“இருக்கட்டுமே. நான் என்ன கல்லெடுத்தா அடிக்கப் போறேன்?”

“உங்கப்பா பேரும் வரும். யோசிச்சியா?”

“நாலு மாசமா வேற எதையும் யோசிக்கல.”

காலின் கோப்பையைக் கீழே வைத்தான். “சின்ன வயசுல எங்கப்பாகிட்ட கேட்டேன், எனக்கு அத்தை உண்டான்னு. இல்லைன்னாரு. கிறிஸ்மஸ் அன்னைக்கு மட்டும் தனியா போயி ஆட்டுக் கொட்டாய்ல நின்னுக்குவாரு. ஏன்னு நான் கேட்கல. எங்க வீட்டுல கேட்குற பழக்கம் இல்ல.”

வெர்னா அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள். அவன் மேல் எனக்கு இருந்த கோபம் அந்தக் காப்பியோடு கரைந்துவிட்டது. அதன் பிறகு அவனை வில்லனாக எழுத முடியவில்லை.

6

(இந்தப் பகுதியில் நான் இல்லை. வெர்னா சொன்னதை எழுதுகிறேன். அவள் சொல்லாத இரண்டு இடத்தை நானாக நிரப்பியிருக்கிறேன். எவை என்று சொல்ல மாட்டேன்.)

முதியோர் இல்லம் நாற்பது நிமிடத் தூரம். லியோரா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மெலிந்த உடம்பு, கூர்மையான கண்.

“நீதான் ரைன்ஹோல்ட் பொண்ணா? மூக்கே சொல்லுது. உட்காரு.”

வெர்னா பெட்டியைத் திறந்து கேக்கை நீட்டினாள். கிழவி ஒரு துண்டை எடுத்து உற்றுப் பார்த்தாள்.

“ஏழு தட்டு செஞ்சாங்களாமே எனக்கு. ஒரு துண்டு அனுப்பினாங்களா? கஞ்சப் பயலுக.”

வெர்னா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. “ஆன்ட்டி, அன்னைக்கு மணி அடிச்சது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“கேட்டேனே. திரும்பிப் போற ரயிலுக்கு ஸ்டேஷன்ல உட்கார்ந்திருந்தோம். மணி ஆரம்பிச்சுது. பழக்க தோஷம், எண்ணுனேன். டெஸ் ஏதோ பேசிட்டே இருந்தார், சும்மா இருங்கன்னேன். இருவது, இருவத்தொண்ணு, இருவத்திரெண்டு. நின்னுபோச்சு. இன்னும் ஒண்ணு வரும்னு காத்திருந்தேன். இருவத்துமூணு வந்துட்டா வேற யாரோன்னு ஆயிரும் பாரு. ரயில் வந்து, ஏறி, அடுத்த ஸ்டேஷன் போற வரைக்கும் காது அங்கயேதான் இருந்துச்சு.” அவள் கேக்கைப் பிட்டு வாயில் போட்டாள். “வரல.”

வெர்னா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பொண்ணே, முகத்த இப்படி மனப்பாடம் பண்றே?”

“தப்பா எடுத்துக்காதீங்க. மணி அடிக்கிறவ நான். முகம் பார்க்குறது பழக்கமாயிருச்சு.”

“முகம் பார்க்குறதா?”

“போய் முகம் பார்த்துட்டுத்தானே அடிக்கணும். சைலீசியாவுலேர்ந்து வந்த வழக்கமாச்சே.”

“என்ன சைலீசியா? நான் இருந்த வரைக்கும் அப்படி ஒண்ணும் கிடையாது. சொல்லி அனுப்புவாங்க, உங்கப்பா அடிப்பார். அவ்வளவுதான்.”

சிறு பெண்ணாக வெர்னா பார்த்தது எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. யார் வந்து சொன்னாலும், போதகரே வந்து சொன்னாலும், அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு முதலில் அந்த வீட்டுக்குப் போவார். முப்பது மைல் தள்ளி ஆஸ்பத்திரியில் இறந்தவரைக்கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் அடிப்பார். ஊர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டது. பிறகு வழக்கம் என்றது. பிறகு முன்னோர் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்றது.

“அவருக்குத் தெரியாது ஆன்ட்டி,” என்றாள் வெர்னா. “அப்பாவுக்குத் தெரியாது. அதனாலதான் அப்புறம்… சாகுற வரைக்கும்…”

“அழாத. மூக்கு இன்னும் பெருசாத் தெரியுது.” லியோரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு ஒரு காரியம் பண்ணு. என்ன எங்கம்மா பக்கத்துலயே வைங்க. தோண்டுன இடந்தான், மண்ணு லேசா இருக்கும். மணிய மட்டும் முதல்லேர்ந்து அடிக்காத. இருவத்திரெண்டு ஏற்கெனவே அடிச்சாச்சு. மீதிய அடி.”

“ஆன்ட்டி…”

“உன் இஷ்டம். நான் என்ன எண்ணவா போறேன்?”

(இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி வரும். எனக்கும் வந்தது. தெரிந்தே அடித்துவிட்டு, வெட்கத்தில் அந்த வழக்கத்தை ரைன்ஹோல்ட் ஆரம்பித்திருக்கலாமே? இருக்கலாம். வெர்னாவிடம் நான் அதைக் கேட்கவில்லை. எழுத்தாளனுக்குக் கேட்க உரிமை உண்டு என்பார்கள். நாற்காலி விரிப்பவனுக்கு இல்லை.)

7

வெர்னா எழுதிய பக்கம் ஒன்றரைப் பக்கம் வந்தது. அலங்காரம் ஏதுமில்லை. காலினின் தாத்தா பேரும் இருந்தது, அவள் அப்பா பேரும் இருந்தது. “சபையார் அனைவரும் எண்ணினோம், ஒருவரும் கேட்கவில்லை” என்று முடித்திருந்தாள். இத்தனை தாள் கிழித்த எனக்கு அப்படி ஒரு வாக்கியம் வரவில்லை என்பதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

காலின் அதைத் தன் வண்டிக்குள் உட்கார்ந்து படித்தான். ரொம்ப நேரம் இறங்கவில்லை. இறங்கி வந்து, “அச்சுக்குக் கொடு,” என்றான். பிறகு, “மணி விஷயம் மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். ஒண்ணுலேர்ந்து தொண்ணூறு வரைக்கும் முழுசா அடிக்கணும். அன்னைக்கு அடிச்சது செல்லாது. தாத்தா அடிக்கச் சொன்னது செல்லாதுன்னு ஊருக்கே கேட்கணும்.”

“செல்லாதுன்னா நடக்கலன்னு ஆயிருமேடா. அவங்க கேட்குறது அது இல்ல.”

“மீதிய மட்டும் அடிச்சா தாத்தா ஆரம்பிச்சத நீ முடிச்சு வைக்கிற மாதிரி இருக்கும்.”

“இல்லாட்டி எங்கப்பா ஆரம்பிச்சத,” என்றாள் வெர்னா. “எங்கப்பா அடிச்சது பொய்யா இல்லாம, ஒரு நெசமான கணக்குல சேர்ந்துரும்.”

“மீதி அறுபத்தெட்டு. உனக்கு என்ன வயசு?”

“அறுபத்தெட்டுக்கு இன்னும் மூணு வாரம்.”

“எல்லாரும் நீ செத்துட்டேன்னு நினைப்பாங்க.”

“நினைக்கட்டும். கேக் வரும்ல.”

காலின் சிரித்தான். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டான். இருவர் சொன்னதிலும் தப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இருவருமே லியோராவுக்கு எதையோ திருப்பிக் கொடுக்கத்தான் பார்த்தார்கள்.

8

முடிவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

*வெர்னா தொண்ணூறு அடி அடித்தாள். பழைய கணக்கு அழிந்தது. ஊர்—*

*அறுபத்தெட்டில் நிறுத்தினாள். பத்து நிமிடத்தில் அவள் வீட்டு வாசலில் நாலு தட்டு கேக்கும் அழுத கண்களும். வெர்னாவே கதவைத் திறந்து—* (இது எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே நம்பவில்லை.)

*லியோரா சாகவே இல்லை. இன்னும் ஜன்னலோரம்—* (ஆசை. வேறொன்றுமில்லை.)

லியோரா அக்டோபரில், மலர் அச்சகத்தில் இருந்தபோதே, ஒரு வியாழக்கிழமை விடியலில் போய்விட்டாள். வெர்னா நாற்பது நிமிடம் ஓட்டிப் போய் முகம் பார்த்துவிட்டு வந்தாள். அவள் திரும்பும்போது ஒன்பது மணி. பயிர் முற்றும் வாசனை ஊர் முழுக்க இருந்தது. பனி இன்னும் விலகாததால் கோவில், சைலோ, கல்லறைத் தோட்டம் எல்லாம் யாரோ பாதி வரைந்து வைத்தது மாதிரி இருந்தன. நானும் காலினும் மணிக்கூண்டுக்குக் கீழே நின்றிருந்தோம்.

“எப்படி இருந்தாங்க?” என்று காலின் கேட்டான். அவன் வீட்டில் இல்லாத பழக்கம் அது.

“எதையோ கேட்டுக்கிட்டு இருக்கிற மாதிரி,” என்றாள்.

எத்தனை அடி என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். அவள் உதடு அசைந்தது. ஜெபமா எண்ணா என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்த மாதிரி எழுதும் உரிமையை இந்த ஓர் இடத்தில் விட்டுக்கொடுக்கிறேன்.

இழுத்தாள். மணி ஒருமுறை அடித்தது. பக்கத்து வயலில் டிராக்டர் நின்றது. கடை வாசலில் யாரோ பையைக் கீழே வைத்தார்கள். எல்லோர் வாயிலும் அந்த நேரம் ‘ஒன்று’ என்ற ஒரே எண்தான் இருந்திருக்கும்.

காலின் தொப்பியைக் கழற்றினான். முழுசாக அடிக்க வேண்டும், முதலிலிருந்து அடிக்க வேண்டும் என்று நாலு வாரமாகச் சண்டை போட்டவன், எனக்குக் கேட்கும்படி மெதுவாகச் சொன்னான்:

“இருவத்துமூணு.”

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். மணி எங்கே நின்றது என்று என்னைக் கேட்காதீர்கள். அடுத்த அடி விழ ஒரு மூச்சு நேரம் இருக்கிறது. அதற்குள் நீங்கள் எந்த எண்ணிலிருந்து எண்ணப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.